தகரக்காரர் கேரட் நறுக்கிய மாலை

சூஸ்த் ஊருக்குள் நுழையும் சாலையில், சுற்றுலாப் பேருந்துகள் மூச்சு வாங்க நிற்கும் இடத்தில் தொஷ்தெமிரின் கத்திக் கடை இருந்தது. வெட்டுகிற கத்தி மட்டும் அங்கே கிடையாது. கைப்பிடியில் சிவப்புக் கண்ணாடிக் கற்கள், அலகு நெடுகப் பூவேலை. சுவரில் மாட்டினால் வீடு அரண்மனை. வெண்ணெயில் வைத்தால் வெண்ணெய்தான் ஜெயிக்கும். ஊரார் அவரைத் தகரக்காரர் என்றார்கள். மகள் மோஹிதிலுக்குக் கல்யாணம் நிச்சயமாகும்வரை அவரும் அதைச் சிரித்துக்கொண்டே தாங்கினார்.

நாளை விடிந்தால் பக்கத்து ஊரான காசான்சாயில், மாப்பிள்ளை வீட்டில் கல்யாணப் புலாவ். இன்று மாலை ஆண்கள் கூடி அதற்குக் கேரட் நறுக்குவார்கள். அவரவர் கத்தியை அவரவர் கொண்டுபோக வேண்டும். ஆளை எடைபோடும் தராசு அங்கே அதுதான். கத்திக்குப் பேர்போன சூஸ்திலிருந்து வரும் பெண்ணின் அப்பா தகரத்தை நீட்டினால், அந்தப் பட்டப்பெயர் மகளுக்கு முன்னாலேயே புகுந்த வீட்டுக்குப் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும். தகரக்காரன் மகள் என்று ஒரு வாயும் சொல்லக்கூடாது. தொஷ்தெமிர் காலையிலேயே கொல்லர் சந்துக்கு நடந்தார்.

"என்ன தகரக்காரரே, வழி தப்பிட்டீங்களா? பஸ்ஸெல்லாம் அந்தப் பக்கம் நிக்குது" என்றான் கொல்லன் முத்தால்.

"ஒரு கத்தி வேணும். நீ எடுத்துக் குடுக்காதே. நானே பாத்து எடுத்துக்கறேன்."

"நல்ல கத்தி எதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"கெட்ட கத்தி எதுன்னு என்னைவிட எவனுக்குடா தெரியும்? அதையெல்லாம் கழிச்சா மிச்சம் நல்லதுதானே!"

முத்தால் குறும்புக்காரன். பேருந்தில் வரும் சுற்றுலாக்காரர்களுக்கென்று செய்த அலங்காரச் சரக்கையும் கலந்து விரிப்பில் பரப்பினான். பூவேலை முனைவரை வழிந்தவற்றைத் தொஷ்தெமிர் முதலில் ஒதுக்கினார். பிறகு ஒவ்வொன்றையும் நகத்தால் சுண்டினார். 'டொக்' என்றது வெளியே போனது. 'ணிங்' என்று இழுத்துப் பாடியது உள்ளே வந்தது. அடுத்து கைப்பிடியின் முதுகைப் பார்த்தார். இரண்டு கொம்புத் துண்டுகளுக்கு நடுவே எஃகு கடைசிவரை ஓடவேண்டும்; பசையில் நிற்பதெல்லாம் அவருடைய கடைச் சரக்கின் சொந்தக்காரர்கள். கடைசியில் இரண்டு மிஞ்சின. இரண்டாலும் வெங்காயம் வெட்டி, துடைக்காமல் வைத்துவிட்டுத் தேநீர் குடித்தார். ஒன்று வெட்கமில்லாமல் அப்படியே மின்னியது. மற்றது, வெங்காயச் சாறு பட்ட அசல் எஃகு கறுப்பதுபோல, நீலம் பாய்ந்து கறுத்திருந்தது.

"இதுதான்" என்றார். விரிப்பிலேயே அவலட்சணமானது அதுதான்.

முத்தால் கல்லை எடுத்துத் தானே சாணை பிடித்துக் கொடுத்தான்.

மாலையில் சம்பந்தி ஹோதம்பாயின் முற்றத்தில் மஞ்சள் கேரட் குன்றாகக் குவிந்திருந்தது. தொஷ்தெமிர் கறுத்த கத்தியை எடுத்ததும் பக்கத்தில் இருந்தவர் அதைப் பார்த்தார், மெச்சித் தலையசைத்தார். தீக்குச்சிபோல் மெல்லிசாக விழுந்தது கேரட். தொஷ்தெமிருக்கு நெஞ்சு நிறைந்தது. நிறைந்த நெஞ்சோடு ஒரு மிடறு தேநீரை வாயில் வைத்தபோதுதான் சம்பந்தி தன் கத்தியை உருவினார்.

"என் பையன் இலியாஸ் வாங்கிக் குடுத்தது. உங்க ஊர்ச் சரக்குதான், சம்பந்தி!"

அலகில் சூஸ்த் கத்திகளுக்கே உரிய பிறை முத்திரை. பிறை தப்பான பக்கம் திரும்பியிருந்தது. அப்படி முதுகு காட்டும் பிறையோடு ஒரு கட்டுச் சரக்கு தொழிற்சாலையிலிருந்து வந்ததும், அதை ஒரே ஒரு கடை விற்றுத் தீர்த்ததும் தொஷ்தெமிருக்கு நன்றாகத் தெரியும். கையால் கத்தியையும் கண்ணால் கல்லாவில் இருந்த மோஹிதிலையும் பார்த்துக்கொண்டு நின்ற பையனும் நினைவுக்கு வந்தான். பொட்டலம் கட்டிக் கொடுத்தவளே அவள்தான்.

தேநீர் தப்பான வழியில் இறங்கியது.

சம்பந்தியின் கத்திக்குக் கேரட் அறுபடவில்லை, ஒடிந்தது. இரண்டாவது கேரட்டில் கைப்பிடி ஆடியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அலகு ஒரு பக்கம், பிடி ஒரு பக்கம். யார் விற்றது என்று அப்புறம் பேச்சு வரும். வந்தால் மகளின் தலையில்தான் விடியும். ஹோதம்பாய் யாரையோ வரவேற்க எழுந்தார். தொஷ்தெமிர் தன் கத்தியை அவருடைய பலகையில் வைத்துவிட்டு, அவருடையதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

திரும்பி வந்த ஹோதம்பாய் கத்தியைப் பார்த்தார். தொஷ்தெமிரைப் பார்த்தார். கைக்கு வந்த கத்தியால் நறுக்கத் தொடங்கினார்.

நீயா நானா பார்த்துவிடலாம் என்று தொஷ்தெமிர் தகரத்தோடு மல்லுக்கு நின்றார். அங்கியின்மேல் இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கைப்பிடியைச் சுற்றி இறுக்கினார். தேநீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் சொரசொரப்பான அடிவிளிம்பில் அலகைத் தீட்டினார். ஒரு கேரட் நறுக்குவார், மறுபடி தீட்டுவார். நெற்றி வியர்வை மூக்கில் வந்து தொங்கியது. ஆனால் விழுந்ததெல்லாம் தீக்குச்சிதான், ஒன்றுகூட ஒடியவில்லை.

சூஸ்திலும் சமைக்கப் போய்வரும் சமையல்காரர் பாக்கி எட்டிப் பார்த்தார். "என்ன சத்தம் இது, எலி பீங்கானைக் கடிக்குதா? அடடே! தகரக்காரர் தகரத்தோடதான் வந்திருக்காரு! பொண்ணுக்கு என்ன சீர் அண்ணே, தகரக் கரண்டியா?"

முற்றமே குலுங்கியது. தொஷ்தெமிருக்குக் காது எரிந்தது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். அந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, கிண்ணத்தில் இரண்டு இழுப்பு இழுத்து, அடுத்த கேரட்டை எடுத்தார்.

"பாக்கி, வாயை மூடு" என்றார் ஹோதம்பாய். "அந்தத் தகரம் என்னுது."

சிரிப்பு நின்றது.

"இந்த நல்ல கத்திதான் சம்பந்தியோடது. என் மானம் போகக்கூடாதுன்னு, நான் பாக்காத நேரம் மாத்தி வெச்சுட்டாரு மனுஷன்."

"தகரம்னு உங்களுக்குத் தெரியுமா?" தொஷ்தெமிர் கேட்டார்.

"வந்த அன்னிக்கே தெரியும். தர்பூசணியே அதைப் பாத்துச் சிரிச்சுது. பிள்ளை ஆசையா குடுத்ததாச்சே, அவன் கல்யாணத்துக்கு இதுல ரெண்டு கேரட்டாவது வெட்டணும்னு எடுத்துட்டு வந்தேன். இது ஒண்ணுன்னா பரவாயில்ல. வாரம் தவறாம சூஸ்துக்குப் போய் ஒண்ணொண்ணா வாங்கிட்டு வந்தான். சுவர்ல ஆணி அடிக்க இடமில்ல. பையனுக்குக் கத்திப் பைத்தியம் பிடிச்சிருச்சோன்னு பயந்துபோய் விசாரிச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, பய போனது கத்தி வாங்க இல்லன்னு!"

இந்தத் தடவை பாக்கிதான் முதலில் சிரித்தார். அந்தப் பக்கம் கேரட் மூட்டையைத் தூக்கிவந்த மாப்பிள்ளை இலியாஸ் மூட்டையோடு அப்படியே திரும்பி ஓடினான்.

ஹோதம்பாய் கை நிறையக் கேரட் அள்ளித் தொஷ்தெமிரின் முன்னால் போட்டார். "நீங்க அதுலயே நறுக்குங்க, சம்பந்தி. நாளைக்குப் புலாவ்ல தகரம் வெட்டின கேரட் எதுன்னு எவனாவது பிரிச்சுச் சொல்லட்டும், பாப்போம்."

தொஷ்தெமிர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கவிழ்ந்திருந்த கிண்ணத்தில் மறுபடி அலகைத் தீட்டினார்.