பஜனை மார்க்

பத்லாபூரில் கேதகி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ‘ஹெட்போன் அக்கா’ என்று கேளுங்கள், ஆட்டோக்காரனே வீட்டு வாசலில் இறக்கிவிடுவான். தாதரில் ஒரு ஜவுளிக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவள், மிச்ச நேரத்தில் யூடியூபில் மராட்டியில் பேசுகிறாள். பேச்செல்லாம் ஒரே விஷயம்தான். சாதாரண ஜனம் வாங்கக்கூடிய விலையில், வயர் இல்லாமல், வெளி இரைச்சலை அடக்குவதாகச் சொல்லி விற்கிற ஹெட்போன்களில் எது உருப்படி, எது தண்டம். சும்மா அனுப்பி வைக்கிறோம் என்ற கம்பெனிகளுக்கெல்லாம் ஆளை விடுங்க சாமி என்று கும்பிடு போட்டுவிட்டாள். சொந்தக் காசில் வாங்குவாள், பார்ப்பாள், பாதி விலைக்குத் தள்ளிவிடுவாள். “ஓசியில வாங்கினா வாய் கோணிக்கும்” என்பாள். அவள் பொய் சொல்லமாட்டாள் என்று ஊர் நம்பியது. அந்த நம்பிக்கைதான் அவளுடைய கடை, சரக்கு எல்லாம்.

அவள் பார்க்கிற விதமே தனி. மூக்குக் கண்ணாடியோடு மாட்டிக்கொண்டு சமைத்து முடிப்பதற்குள் காது வலித்தால் மார்க் போச்சு. கல்யாண் மார்க்கெட்டில் காய்கறி விற்கிற அக்காவுக்குப் போன் போடுவாள். “என்னடி, கிணத்துக்குள்ள விழுந்துட்டியா?” என்று அக்கா கேட்டால் மைக்குக்குப் பூஜ்யம். இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் செய்யலாம். பஜனை மார்க் மட்டும் வேறு எவராலும் போடமுடியாது.

பஜனை மார்க்கைப் போடுகிறவன் அவளுடைய புருஷன் மோரேஷ்வர். காலை ரயிலில் பாகவதர் வாமன் புவாவின் பஜனை கோஷ்டி ஏறுகிற பெட்டியில்தான் அவனும் பல வருஷமாகப் போகிறான். டோலக்கி, ஜால்ரா, அதற்கு மேல் புவாவின் குரல், போதாக்குறைக்குப் பெட்டியின் தகரச் சுவரில் தட்டுகிற நாற்பது கை. பத்லாபூரில் ஆரம்பித்தால் அவன் இறங்குகிற காட்கோபர் வரை ஓயாது. அந்தப் பெட்டியில் காதுக்கு நிம்மதி கொடுக்கிற ஹெட்போன் எந்த ஆபீசிலும், எந்தச் சந்திலும் கொடுக்கும் என்பது கேதகியின் கணக்கு. வீடியோவின் கடைசியில், “இப்ப எங்க வீட்டுக்காரரோட பஜனை மார்க்!” என்று அவள் சொல்லும்போதுதான் ஜனம் நிமிர்ந்து உட்காரும்.

இதில் ஒரு சங்கடம். எதைக் கொடுத்தாலும் அவன் பத்துக்கு ஒன்பது போட்டான்.

கேதகிக்கு விவரம் தெரியாமல் இல்லை. இந்த விலைச் சாமான்கள் தண்டவாளத்தின் கடகடப்பை, ஃபேனின் உறுமலை நன்றாக விழுங்கும். ஜால்ராவின் ‘ஜிங்’கை, மனுஷக் குரலை அவ்வளவாக விழுங்காது. “நெசமாவே ஜால்ரா கேக்கலையா?” என்று கேட்டால், “துளிக்கூட இல்ல” என்பான். பாத்திரம் அடிக்கிற பட்டறையில் வேலை செய்கிற காது, கொஞ்சம் மந்தமாகியிருக்கும் என்று விட்டுவிட்டாள்.

உண்மையைச் சொன்னால், இந்தக் கூத்தை அவள் ஆரம்பித்ததே அந்தக் காதுக்காகத்தான். நாள் முழுக்க எவர்சில்வர் தகட்டை அடித்து நசுக்குகிற யந்திரத்தின் பக்கத்தில் நின்றுவிட்டு, வெளிறிப்போய் வருவான். ஒரு வாய் பாக்ரி ரொட்டி தின்பதற்குள் முகம் சுருங்கும். மனசு கேட்காமல்தான் முதல் ஹெட்போனை வாங்கினாள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவனை உட்காரவைத்து, புதுசாக எது வந்திருக்கிறதோ அதைத் தன் கையாலேயே மாட்டி, பட்டனை அழுத்துவாள். “அரை மணி நேரம் உலகத்தை மறந்துட்டு உக்காருங்க.” எதிரே உட்கார்ந்து அவன் முகத்தையே பார்ப்பாள். அவன் சிரிப்பான். அவளுக்கு வயிறு நிறைந்துவிடும்.

அப்படியிருக்கையில் உல்லாஸ்நகரிலிருந்து ஒரு பெண் எழுதினாள். வீட்டை ஒட்டி வெல்டிங் பட்டறையாம், பரீட்சைக்குப் படிக்கிறாளாம். ‘அண்ணனோட பஜனை மார்க்கை நம்பித்தான்க்கா வாங்கினேன். ஒண்ணுமே அடங்கலை. திருப்பி எடுத்துக்கவும் மாட்டேங்கறாங்க.’ கேதகிக்குச் சோறு இறங்கவில்லை. புது ஹெட்போன் ஒன்றின் வீடியோ அன்று சாயங்காலம் போட்டாகவேண்டும். காலையில் அதை மோரேஷ்வரின் பையில் வைக்கும்போது, “இந்தத் தடவ நல்லாக் கவனிச்சு போடுங்க, என் மானமே இதுல இருக்கு” என்றாள். அவன் தலையாட்டிவிட்டு முன்னால் போனான்.

வீட்டைப் பூட்டிக்கொண்டு அவள் ஸ்டேஷனுக்கு ஓடியபோது, தினமும் இருவரும் போகிற வண்டி நகரத் தொடங்கிவிட்டது. வழக்கமான பெட்டியைப் பிடிக்கமுடியாமல், கையில் அகப்பட்ட பெண்கள் பெட்டியில் தொற்றி ஏறினாள். மறுபக்கம் ஆண்கள் பெட்டி. நடுவே கம்பி வலைத் தடுப்பு. வலைக்கு அந்தப்புறம் டோலக்கி முழங்கியது.

எட்டிப் பார்த்தாள். வாமன் புவாவுக்குப் பக்கத்தில் மோரேஷ்வர் நின்றிருந்தான். ஹெட்போன் காதில் இல்லை, கழுத்தில்கூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, கையில் ஜால்ராவோடு, தொண்டை நரம்பு புடைக்க விட்டலன் பேரைப் பாடிக்கொண்டிருந்தான். அடப்பாவி! கேட்கவே இல்லை என்றானே, அந்த ஜால்ராவை அடிப்பவனே இவன்தானா? ஆனால் அந்த முகம்! கல்யாணமான புதிதில் பார்த்த முகம். வருஷக்கணக்காக அவள் காசு செலவழித்துத் தேடிய நிம்மதி அங்கே பாடிக்கொண்டு நின்றது. அவளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

காட்கோபரில் அவன் இறங்கினான். தாதருக்குப் போகவேண்டிய அவளும் குதித்தாள்.

“நில்லுங்க!”

அவன் திரும்பினான். திருட்டுப் பூனை மாதிரி முழித்தான். “நீ எங்க இங்க?”

“ஒம்பது மார்க் போடுற வாத்தியாரப் பாக்க வந்தேன். எத்தன நாளா இது?”

“கேதகி, வேலைக்கு நேரமாச்சு…”

“ஆகட்டும்! ஒரு பொண்ணு உங்க பேச்ச நம்பி காசக் கொட்டிட்டு உக்காந்திருக்கு. ஒரு தடவையாவது அத மாட்டினீங்களா? பாடுறதுக்குத்தான் ஆசைன்னா சொல்லித் தொலைக்கறது. நானா வேணாம்னேன்?”

“பாடுறதுக்கு இல்ல” என்றான். ஒரு வண்டி வந்து நின்று, கூட்டம் இறங்கி இடித்துக்கொண்டு போனது. அவள் விடவில்லை, அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

“காதுக்குள்ள ஒரு சத்தம் இருக்கு” என்றான் கடைசியில். “வீ…ன்னு. விசில் மாதிரி. நிக்கவே நிக்காது.”

“எப்பலேர்ந்து?”

“நீ மொத ஹெட்போன் வாங்கினியே, அதுக்கு முன்னாடிலேர்ந்து. வெளிய சத்தம் இருந்தா அமுங்கிக் கெடக்கும். பஜனைல மட்டும் சுத்தமா இல்லாமயே போயிடும். ஒரு நாளைக்கு அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்கு. அங்க போயி இத மாட்டச் சொல்றியே, எப்படி மாட்டுவேன்?”

“அப்ப வீட்டுல… சாயங்காலம் சாயங்காலம் நான் மாட்டிவிடுவேனே?”

“அத மாட்டினதும் உலகமே நின்னு போயிடும். அந்த விசில் மட்டும்தான் இருக்கும்.”

“கழட்டி எறிய வேண்டியதுதானே! யாரு தடுத்தா?”

“நீ எதுர உக்காந்து என் மூஞ்சியவே பாத்துட்டு இருப்பியே கேதகி. நிம்மதி வந்துச்சா, வந்துச்சான்னு. எப்படிக் கழட்டுறது?”

அவ்வளவுதான். அத்தனை கூட்டத்துக்கு நடுவே, மூன்றாம் நம்பர் பிளாட்பாரத்தில், அவள் அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். ஒரு கிழவர் நின்று, “என்னம்மா, பர்ஸ் போச்சா?” என்று விசாரித்துவிட்டுப் போனார். நிம்மதி என்று நினைத்து, புருஷனை நாள் தவறாமல் அந்த விசிலோடு சேர்த்துப் பூட்டிவைத்திருக்கிறாள். அவனும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான், பைத்தியக்கார மனுஷன்!

“நாளைக்குக் காது டாக்டர்ட்ட போறோம்.”

“இந்தச் சத்தம் போகாதுன்னு சொல்லிட்டாருன்னா?”

“போகாதுன்னா போகாது. அதையும் ரெண்டு பேருமா கேட்டுக்குவோம். தனியா கேட்டது போதும்.”

சாயங்காலம் வீடியோவை எடுத்தாள். மோரேஷ்வர் தடுத்துப் பார்த்தான். “பஜனை மார்க்க மட்டும் நிறுத்திடு. ஏன்னு சொல்லாத. ஜனம் ஓடிடும்.”

“ஓடட்டும்.”

போனைப் பார்த்து நேராகப் பேசினாள். இதுவரை போட்ட பஜனை மார்க் அத்தனையும் செல்லாது, பார்த்துப் போடவில்லை, சரிபார்க்காதது தன் தப்பு, உல்லாஸ்நகர்ப் பெண் தன்னுடையதைக் கொடுத்துவிட்டு உருப்படியான ஒன்றை வாங்கிப் போகலாம் என்றாள். இந்த ஹெட்போன் கடகடப்பை அடக்குகிறது, பேச்சை அடக்கவில்லை, கண்ணாடி போட்டவர்களுக்குக் காது வலிக்கும், விலைக்குப் பரவாயில்லை. கடைசியில் இன்னொன்றும் சொன்னாள். “உங்க வீட்டுல யாருக்காவது இத மாட்டிவிட்டீங்கன்னா, நல்லாருக்கான்னு கேக்காதீங்க. நல்லாருக்குன்னுதான் சொல்லுவாங்க. உள்ள என்ன கேக்குதுன்னு கேளுங்க.” அத்தோடு நிறுத்திவிட்டாள்.

வீடு அமைதியானது. அந்த அமைதி இப்போது அவளுக்குப் பயமாக இருந்தது. ஓடிப்போய் ஃபேனை முழுசாக வைத்தாள். ரோட்டுப் பக்கத்து ஜன்னலைத் திறந்தாள். மிக்ஸியில் ஒன்றும் போடாமலே ஓட்டினாள்.

“அடியே, மிக்ஸி புகஞ்சிடும்!”

“இப்ப கேக்குதா?”

“கொஞ்சம்.”

மிக்ஸியை நிறுத்தினாள். அவன் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, தாம்பாளத்தைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டிக்கொண்டு, காலையில் வலைக்கு அந்தப்புறம் கேட்ட அதே விட்டலன் பாட்டை எடுத்தாள். பாவம், அவளுக்கும் சுருதிக்கும் ஏழாம் பொருத்தம். கீழ்வீட்டு நாய் குரைத்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிய, பாட்டை நிறுத்தாமல், இப்ப, இப்ப என்று புருவத்தைத் தூக்கிக் கேட்டாள்.

மோரேஷ்வர் காதைப் பொத்திக்கொண்டான்.

“உன் பாட்டுக்கு அந்த விசிலே தேவலாம்டி” என்றான்.

அவள் அவன் முதுகில் ஒரு அறை விட்டாள். விட்டுவிட்டு, இன்னும் சத்தமாகப் பாடினாள். அவன் காதிலிருந்து கையை எடுத்துவிட்டு, தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்துத் தாளம் போட ஆரம்பித்தான்.