கதவின் முகத்துவாரம்

ஒஸ்வல்டின் மொறிஸ் மைனர் காரின் இடது முன்கதவுக்குள் மட்டக்களப்பு வாவி இருந்தது. முழு வாவியும் அல்ல, அதில் ஒரு சிறு பங்குதான். ஆனால் வாவி ஏறினால் கதவுக்குள்ளும் ஏறும். சித்திரை வெயிலில் வாவி ஒடுங்கினால் கதவும் காய்ந்து கிடக்கும். எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி அந்தக் காரைப் புளியந்தீவுக் கரையிலிருந்து தூக்கி வாவியில் போட்டது. ஒரு கிழமைக்கு மேல் சேற்றில் கிடந்த காரை ஒஸ்வல்டின் அப்பா மாடு பூட்டி வெளியே இழுத்தார். என்ஜினைக் கழற்றிக் கழுவி, சீற்றுகளை வெயிலில் போட்டு, ஓட்டியும் காட்டினார். இடது கதவு மட்டும் வாவியை விடவில்லை, அல்லது வாவி கதவை விடவில்லை. தொடக்கத்தில் கண்ணாடி இறக்குகிற கைபிடியைச் சுற்றினால் இறால் குஞ்சு விழும் என்று பிள்ளைகள் கூடி நின்றார்கள். பிறகு அதுவும் பழகிப்போயிற்று. மாரியில் பாலத்தடி வரை நடந்துபோய் நீர்மட்டம் பார்க்கச் சோம்பல்படுகிறவர்கள், ஒஸ்வல்ட் வீட்டு வாசலில் எட்டிப் பார்த்து, கதவின் அடியில் எவ்வளவு வேகமாகச் சொட்டுகிறது என்று கணித்துக்கொண்டு போனார்கள்.

தண்ணீர் பழகினாலும் கதவின் உள்பக்கம் பழகவில்லை. உள்பலகை ஊறிப் பப்படம் போல வளைந்தது. மேலே ஒட்டியிருந்த ரெக்சின் உரிந்து தொங்கியது. மகள் கெரனை அந்தக் காரில்தான் கல்யாணத்துக்குக் கோயிலுக்குக் கொண்டுபோவது என்று ஒஸ்வல்ட் முடிவு செய்தபோது, நான்கு கதவுகளின் உள்வேலையையும் புதிதாகச் செய்ய ஆள் தேடினார். ஆரையம்பதி மெயின் றோட்டில் குஷன் கடை வைத்திருக்கும் உதயரூபனைப் பலரும் கைகாட்டினார்கள். பஸ் சீற்றும் த்ரீவீல் சீற்றும் தைத்து வாழ்கிற மனிதர். வேலை அவ்வளவு சுத்தம். அவருக்கு ஒரே ஒரு கோளாறு, ஓட்டையைக் கண்டால் கை சும்மா இருக்காது. சுவரில் ஆணி பிடுங்கிய ஓட்டை, நிலத்தில் எறும்பு போட்ட ஓட்டை, அயலவர் வேலித் தகரத்து ஓட்டை எல்லாவற்றையும் கேட்காமலே அடைப்பார். அவர் வீட்டில் அடைபடாமல் தப்பிய ஓட்டை அவருடைய மனைவி கஜானியின் ஊசிக் காது ஒன்றுதான்.

காரைக் கொண்டுவந்து விட்ட அன்று ஒஸ்வல்ட் அதிகம் பேசவில்லை. நிறத்தையும் தையலையும் உதயரூபனிடமே விட்டுவிட்டார். புறப்படும்போது மட்டும் திரும்பிச் சொன்னார்: “மத்ததெல்லாம் உங்கட விருப்பம் மகன். கதவுட முகத்துவாரத்த மட்டும் நல்லாப் பாத்துக்கங்க.”

கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடிகிற மூன்று சிறு துளைகளைத்தான் ஒஸ்வல்டின் குடும்பத்தில் முகத்துவாரம் என்பார்கள். வாவி கடலில் விழும் இடத்தின் பெயரைக் காரின் துளைக்கு வைத்திருக்கிறார்களே என்று உதயரூபன் சிரித்துக்கொண்டார். கதவுக்குள் வாவி இருப்பது அவருக்கும் தெரியும், அதில் அவருக்குச் சந்தேகம் ஏதும் இல்லை. ஆனால் அவரைப் பொறுத்தவரை வாவியே ஆனாலும் ஒழுக்கு ஒழுக்குத்தான்.

அந்த மாரியில் அவர் மனம் பாதி வேலையிலும் பாதி படுவான்கரையிலும் இருந்தது. வாவிக்கு மேற்கே, வட்டை என்கிற அங்குள்ள வயல்வெளியில் கஜானிக்குச் சீதனமாக வந்த வயல் இருக்கிறது. முந்தின இரண்டு மாரி வேளாண்மையையும் வெள்ளம் கொண்டுபோயிற்று. இந்த முறையும் போனால் வயலை அண்ணன் நிலோஜனிடம் கொடுத்துவிட்டு இனி அந்தப் பக்கம் காலே வைக்கமாட்டேன் என்று கஜானி சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் சொன்னதுதான். வரம்பில் நிற்கும்போது அவள் முகத்தில் வருகிற வெளிச்சம் வேறெங்கும் வருவதில்லை என்பது உதயரூபனுக்குத் தெரியும். அது அணைந்துபோகுமே என்று அவர் பயந்தார்.

வேலை நன்றாகவே நடந்தது. கைபிடிக்குப் பின்னாலுள்ள தட்டை உள்ளே அமத்தி, ஒளிந்திருக்கும் சின்ன ஊசியைத் தள்ளினால்தான் கைபிடி கழன்று வரும்; அவசரக்காரர் நெம்பி உடைப்பார்கள். உதயரூபன் உடைக்கவில்லை. தட்டைக் கத்தியைச் செருகிக் கிளிப் கிளிப்பாகக் கிளப்பிப் பழைய பலகைகளை எடுத்தார். பலகையின் குறுக்கே ஓடிய குரோம் பட்டியான பீடிங் மூடியிருந்த இடத்தில் வெயில் படாத பழைய நிறம் அப்படியே இருந்தது, நல்ல இலந்தைப்பழச் சிவப்பு. அந்தத் துண்டை வெட்டிக்கொண்டு காத்தான்குடிக்குப் போய்க் கடை கடையாக ஏறி அதே நிற ரெக்சினைக் கண்டுபிடித்தார். பழைய பலகையை வைத்துக் கோடு கீறிப் புது ஹாட்போட் பலகை வெட்டினார். மெல்லிய ஸ்பொஞ்ச் ஒட்டி, ரெக்சினில் நேர் நேராக மடிப்புத் தையல் ஓட்டி, ஓரங்களைப் பின்னால் மடித்து இழுத்து ஒட்டினார். பீடிங்கைச் சாம்பல் போட்டுத் தேய்த்தபோது அதில் தன் முகமும் மேலே ஓடுகிற மின்விசிறியும் தெரிந்தன.

இடது முன்கதவின் கூட்டுக்குள் ஒரு சாண் தண்ணீர் நின்றது. ஓர் இறால் அவரைப் பார்த்துவிட்டுப் பின்னால் போனது. புதுப் பலகை ஊறாமலிருக்கத் தகட்டின் மேல் தடித்த பொலித்தீன் ஒட்டினார். அதோடு நின்றிருக்கலாம். குனிந்தபோது அந்த மூன்று துளைகளும் சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தன. ஒஸ்வல்ட் பார்த்துக்கொள்ளச் சொன்னது இதைத்தான் என்று அவருக்குப் பட்டது. தோணிக்காரர் ஒழுக்குக்குப் போடுகிற, ஈரத்திலும் இறுகுகிற பசையை எடுத்து மூன்றையும் அடைத்தார். மேலே பெயின்றும் அடித்தார். ஒரு சொட்டும் விழவில்லை. அன்றைக்கு அவர் சாப்பிட்ட சோறு வழமையை விட ருசித்தது.

மார்கழியில் அடைமழை பிடித்தது. குளங்களின் வான்கதவுகளைத் திறந்தார்கள், வாவி ஏறியது, படுவான்கரை வட்டைகள் வெள்ளத்துக்குள் போயின. மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் கூடி, முகத்துவாரத்தை வெட்டுவது என்று தீர்மானித்தார்கள். வேளாண்மைக்காரர் தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்த, மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் மணல்திட்டை வெட்டித் திறந்தது. வாவி மேலே, கடல் கீழே, நடுவே லொறி போகுமளவு வழி. தண்ணீர் போகவில்லை. வெட்டின வாயில் வந்து நின்று கடலைப் பார்த்தது. உடைத்த தேங்காயின் ஒரு பாதி அந்த இடத்திலேயே மிதந்து நின்றது. பொறியியலாளர்கள் அளந்து பார்த்துத் தண்ணீர் போகத்தான் வேண்டும் என்றார்கள், அவர்கள் கணக்கில் பிழை இல்லை. இன்னும் அகலமாக வெட்டினார்கள், தண்ணீர் இன்னும் அகலமாக நின்றது. இறால் பிடிக்கிறவர்கள் செய்வினை செய்துவிட்டார்கள் என்று வேளாண்மைக்காரரும், நேரம் பாராமல் வெட்டியதால் வந்த வினை என்று இறால்காரரும் சண்டை பிடித்தார்கள்.

கஜானி நாள்தோறும் தோணியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஊறி வெளுத்த காலோடு வாசலில் உட்கார்ந்து, ஒருநாள் மெல்லச் சொன்னாள்: “குடலையும் தண்ணிக்குள்ள போயிற்று. நாளைக்குத் தாங்கும். அதுக்குப் பிறகு ஒண்டுமில்ல.” கதிர் இன்னும் வெளிவராமல் தாளுக்குள் இருக்கிற பருவம் அது.

மறுநாள் காரை எடுக்க ஒஸ்வல்ட் வருவதாக இருந்தது. காலையில் கடையைத் திறந்த உதயரூபன், இடது கதவு கீலோடு தொய்ந்து நிற்பதைக் கண்டார். மடிப்புத் தையல் போட்ட புதுப் பலகை பிள்ளைத்தாய்ச்சி வயிறு போல முன்னே தள்ளியிருந்தது. கண்ணாடி இறங்குகிற இடுக்கில் விளிம்பு முட்டத் தண்ணீர். அதில் பச்சையாக ஏதோ மிதந்தது. விரலால் கோதி எடுத்தார். நெல்லுத்தாள், நுனி மஞ்சளித்த, வட்டைச் சேறு ஒட்டிய நெல்லுத்தாள். போனை எடுத்துக் கஜானியைக் கூப்பிட்டார். அவளும் ஒஸ்வல்டும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள்.

ஒஸ்வல்ட் குனிந்து கதவின் அடியைத் தடவிப் பார்த்தார். “மகன், முகத்துவாரத்தப் பாத்துக்கங்க எண்டுதானே சொன்னன்?”

“ஓம் அங்கிள். பாத்துத்தான் அடைச்சன்.”

கஜானி நெல்லுத்தாளைக் கையில் வாங்கிப் பார்த்தாள். “ஓட்டையக் கண்டா உங்களுக்குக் கண் பொறுக்காதே! வாவிய அடைச்சுப் போட்டு வந்து என்னோட இருந்து சோறு திண்டிருக்கீங்க. துறங்க.”

நாளை மறுநாள் கல்யாணம். இவ்வளவு தண்ணீர் முட்டி நிற்கையில் அடியைக் குத்தினால் புதுப் பலகை பிய்ந்தாலும் பிய்யும் என்று உதயரூபன் ஒஸ்வல்டிடம் சொன்னார். “பலகை போனாப் போகட்டும், என்ட மகள் கதவில சாக்கத் தொங்கவிட்டுக்கிட்டும் போவாள்,” என்றார் ஒஸ்வல்ட். “புள்ளட வெள்ளாமையப் பாருங்க முதல்ல.” கஜானி எதிர்க்கடையில் தேங்காய் வாங்கிவந்து காரின் முன்னால் உடைத்தாள், கற்பூரமும் கொளுத்தினாள். முகத்துவாரம் வெட்டினால் செய்கிற முறை அது. உதயரூபன் ஈரத் தரையில் மல்லாந்து படுத்து, குத்தூசியைச் சூடாக்கி முதல் துளையைக் குத்தினார். பசை கல்லாகியிருந்தது. மூன்றாம் முறைதான் இளகி, நூல் போலத் தண்ணீர் அவர் நெஞ்சில் விழுந்தது. மற்ற இரண்டையும் குத்தினார். மொத்தம் இரண்டு வாளித் தண்ணீர் வந்திருக்கும். பலகை மெல்லப் பெருமூச்சு விட்டுப் பழையபடி தட்டையானது. இறால் கடைசியாக விழுந்தது.

கஜானியின் போன் அடித்தது. முகத்துவாரத்தில் நின்ற நிலோஜன் இரைச்சலுக்கு மேலால் கத்தினான். “போகுது தங்கச்சி! தண்ணி பாய்ஞ்சு போகுது! தேங்காப் பாதியும் போயிற்று!” கஜானி ஒரு பஸ் சீற்றில் உட்கார்ந்து அழுதாள், அழுகையோடு சிரித்தாள், சேறு பூசிக்கொண்டு எழும்பிய புருசனைப் பார்த்து இன்னும் சிரித்தாள். உதயரூபனுக்கு நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கியது. அடி வாங்காமல் தப்பிய பிள்ளை போல அவரும் சிரித்தார்.

அன்று மாலைக்குள் நெல்லின் தலை வெளியே தெரிந்தது. தை கடந்து மாசியில் கஜானி தன் வயலைத் தானே நின்று அறுப்பித்தாள். கல்யாணத்தன்று கெரன் இலந்தைப்பழச் சிவப்புக் கதவுகளுக்குள் இருந்து கோயிலுக்குப் போனாள். இறங்கும்போது வெள்ளை உடுப்பின் ஓரத்தில் வாவி சொட்டியது. அவள் அதைத் துடைக்க விடவில்லை. பலகையின் அடியில் விழுந்த நீர்க்கோட்டை மறைத்துத் தருவதாக உதயரூபன் இரண்டு முறை கேட்டும் ஒஸ்வல்ட் வேண்டாம் என்றுவிட்டார்.

இப்போது மாரி தொடங்குமுன் கச்சேரிக் கூட்டத்தில் பெக்கோவுக்கு ஒழுங்கு செய்கிறபோதே உதயரூபனுக்கும் சொல்லிவிடுகிறார்கள். அவர் குத்தூசியோடு புளியந்தீவுக்குப் போய் மூன்று துளைகளிலும் சேறு எடுத்துவிட்டு, ஒஸ்வல்ட் வீட்டில் கேக் சாப்பிட்டுத் தேத்தண்ணியும் குடித்துவிட்டு வருகிறார். வேறு யாருடைய ஓட்டையையும் அடைக்குமுன், இதால எந்தத் தண்ணி போகுது என்று வீட்டுக்காரரிடம் கேட்கிறார். யாரும் சிரிப்பதில்லை, யோசித்துத்தான் பதில் சொல்கிறார்கள். போன மாரியில் வெள்ளம் ஏறியபோது கஜானி வரம்பில் நின்றபடி உதயரூபனைப் போனில் கூப்பிட்டாள்.

“கதவப் பாத்தீங்களா?”

“பாத்தன் புள்ள. அடைக்கல்ல.”

“அப்ப சரி,” என்று அவள் களை பிடுங்கப் போனாள்.