பம்புக்குப் பக்கத்தில் இரண்டு அம்புகள்

மூடிக் கிடக்கும் சுரங்கத்தில் என்னென்ன இயந்திரம் மிச்சமிருக்கிறது என்று எழுதிவர நானும் என் மச்சினனும் இறங்கினோம். துருப்பிடித்த அந்தத் தண்ணீர்ப் பம்பை மூன்றாம் முறையாகப் பார்த்தபோதுதான், சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருகிறோம் என்று புரிந்தது.

வழி தவறக்கூடாதென்று திருப்பத்துக்குத் திருப்பம் சுவரில் சாக்பீஸால் அம்பு போட்டுத்தான் வந்தோம். ஒன்று நான் போட்டால் அடுத்தது அவன். பம்புக்குப் பக்கத்தில் இரண்டு அம்புகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன.

"நீ எந்தப் பக்கம் பாத்து அம்பு போட்ட?" என்று கேட்டேன்.

"நாம போற பக்கம்தான் மாமா. நீங்க?"

"அட மடையா, அம்பு வெளிய போற வழியக் காட்டத்தானடா!"

"இத உள்ள வரும்போதே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சரி, இதுல உன்னோடது எது?"

அவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். "உங்களோடது எது மாமா?"

எனக்கும் தெரியவில்லை.

எரிச்சலில் விளக்கை உயர்த்தினேன். பம்புக்கு மேலே, 'வெளியே' என்று எழுதி அம்பு போட்ட பழைய தகரப் பலகை தெரிந்தது. வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. கிட்டே போனோம். ஓர் ஆணி கழன்று, மற்றதில் தொங்கிக்கொண்டிருந்தது பலகை. அதன் அம்பு நேராகத் தரையைக் காட்டியது.

இருவரும் அங்கேயே உட்கார்ந்தோம்.