எக்ஸ்பிரஸ் நிற்காத ஸ்டேஷனில் பெண் பார்த்தது

எங்கள் ஸ்டேஷனில் லோக்கல் வண்டி மட்டும்தான் நிற்கும். பம்பாய் போகிற எக்ஸ்பிரஸ் எல்லாம் முகத்தில் புழுதியை அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். புனேவுக்கும் லோனாவளாவுக்கும் நடுவில் இப்படி ஓர் ஊர் இருப்பதே அதில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது. அங்கே வைத்து என்னைப் பெண் பார்க்கலாம் என்று கண்டுபிடித்தது என் அப்பா மாடசாமி.

அப்பாவுக்கு தேஹு ரோடு ராணுவ டிப்போவில் ஸ்டோர் வேலை. ரிட்டயர் ஆக எட்டு மாதம். எனக்கு இருபத்தொன்பது வயது. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது.

மாப்பிள்ளை ஹரிபிரசாத்துக்குத் திருநெல்வேலியில் பேங்க் உத்தியோகம். தொண்ணூற்றேழு மே மாதம் அம்மாவோடு பம்பாயில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறானாம். நடுவில் இறங்க நேரமில்லையாம். பக்கத்துப் பாலத்தில் வேலை நடந்ததால் அப்போது எல்லா வண்டியும் எங்கள் ஸ்டேஷனை ஆள் நடக்கிற வேகத்தில்தான் தாண்டும். அப்பாவுக்கு அது போதும். நான் பட்டுச்சேலையில் பிளாட்பாரத்தில் நிற்பது, அவர்கள் ஜன்னல் வழியாகப் பார்ப்பது. போன் போட்டுக் கேட்டார். அவர்களும் கூச்சமே இல்லாமல் சரி என்றார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் என்ன ஸ்டேஷன் போர்டாப்பா?" என்று கேட்டேன். ஒரு நிமிஷம்தானே என்றார். அவர் முகத்தைப் பார்த்துத் தொலைத்தேன். போனேன்.

வண்டி வந்தது. வந்ததோடு நில்லாமல் நின்றும் தொலைத்தது. சிக்னல் விழவில்லை என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். பதினைந்து நிமிஷம் நின்றது. மாப்பிள்ளை வந்த பெட்டி எங்களுக்கு நேர் எதிரே.

ஒருத்தரும் இறங்கவில்லை. வண்டியை எப்போது எடுப்பானோ என்று பயமாம். அந்த அம்மாள் ஜன்னல் கம்பிக்குள் இருந்தபடியே என்னைத் திரும்பி நிற்கச் சொன்னாள். திரும்பினேன். பின்னல் சொந்த முடியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஹரிபிரசாத் வாசல்படியில் நின்று வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான். குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா என்று அப்பாவிடம் காலி பாட்டிலை நீட்டினான்.

குழாய் பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில். அப்பா பிடித்துக்கொண்டு திரும்பும்போது வண்டி நகர்ந்துவிட்டது. ஐம்பத்தேழு வயதில் ஓடினார். ஒரு செருப்பு கழன்று போயிற்று. அவன் ஒரு கையை வெளியே நீட்டிக்கொண்டு, பின்னால் யாருக்கோ அப்பாவைக் காட்டிக் காட்டிச் சிரித்தான். பாட்டில் கைமாறியது. செருப்பை எடுத்துக்கொண்டு போய் அப்பாவிடம் கொடுத்தேன்.

நாலாம் நாள் போன் வந்தது. பெண்ணைப் பிடித்துவிட்டதாம், ஆவணியில் வைத்துக்கொள்ளலாமாம். நல்ல பையன், மரியாதையான குடும்பம் என்று அப்பா சாயங்காலம் வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் என்னையும் ஒரு வார்த்தை கேட்டார்.

"நீங்க ஓடியாறதப் பாத்துச் சிரிச்சான்ப்பா. எனக்கு வேண்டாம்."



"நானும் பாத்தேம்மா," என்றார் அப்பா. "நீ பாக்கலைன்னு நெனச்சிட்டேன்."