ராணி போட்ட சிலுவை

எங்கள் அப்பா ஆம்ப்ரோஸுக்குப் பயாஸ்கோப்தான் சோறு போட்டது. பிளாக்பள்ளிச் சினிமாக் கொட்டகையில் திரைக்குக் கீழே உட்கார்ந்து பேண்டு வாசிக்கும் கூட்டத்தில் டிரம் அவருடையது. பேசாத படத்துக்கு அவர்கள்தான் சத்தம். ஆனால் படத்தில் நடிக்கும் பெண்களைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், "கூத்தாடிச் சிறுக்கிங்க" என்பார். தின்கிற சோற்றையே திட்டும் இந்த நியாயம் எனக்கு என்றைக்கும் விளங்கியதில்லை.

அவர் பெற்ற மகள், என் தங்கை நோரா, ராணியாக நடித்துவிட்டாள். இந்து வீடுகளில் பெண்ணை நடிக்க அனுப்ப மாட்டார்கள். அதனால் படக்கம்பெனி சேஷகிரி, கிறிஸ்தவ வீடுகள் நிறைந்த எங்கள் ஜீவனஹள்ளிப் பக்கம் ஆள் தேடி வந்தார். கன்னியர் மடத்தில் தையல் படிப்பதாக அப்பாவிடம் புளுகிவிட்டு இவள் போனாள். விளம்பரத்தில் இவள் பெயர் மிஸ் பத்மாவதி!

எல்லாம் சரியாகத்தான் நடந்தது, சிவன் கோயில் காட்சி வரை. ராணி அழுது வேண்ட வேண்டும். இந்தப் பெண் நிஜமாகவே வேண்டிவிட்டாள். நெற்றி, மார்பு, தோள் என்று சிலுவை போட்டு, எங்கள் அம்மா பழக்கியபடி கடைசியில் கட்டைவிரலை முத்தமிட்டும் விட்டாள்.

மறுபடி எடுக்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறாள். "ஃபிலிம் என்ன, கொழாத் தண்ணியா? கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள போயிடும், எவன் பாக்கப்போறான்?" என்றாராம் சேஷகிரி.

அந்தப் படம் அப்பாவின் கொட்டகைக்கே வந்தது. அடுத்த படத்துக்கும் இவள்தான் ராணி. ஆனால் இனிமேல் புளுகிவிட்டுப் போக மாட்டேன் என்றாள்; அப்பா சம்மதித்தால் உண்டு, இல்லாவிட்டால் அத்தோடு சரி. மாலை ஆட்டத்துக்கு இருவரும் முக்காடு போட்டுப் பெண்கள் பக்கம் உட்கார்ந்தோம். சத்தியமாகச் சொல்கிறேன், பயத்தைவிட என்ன ஆகுமோ என்கிற ஆவல்தான் எனக்கு அதிகம்.

பவுடரும் கிரீடமுமாக வந்த ராணியை அப்பாவுக்கு அடையாளம் தெரியவில்லை. நிம்மதியாக டிரம் தட்டிக்கொண்டிருந்தார். கோயில் காட்சி வந்தது.

"டேய், ராணி சிலுவை போடுறாடா!"

"யார் வூட்டுப் பொண்ணுடா இது?"

கொட்டகையில் பாதிப்பேர் எங்கள் மாதா கோயில் சனம். விசில் பறந்தது. கிளாரினெட் மைக்கேல்ராஜ் சிரிப்பில் வாசிப்பதை விட்டுவிட்டார். அப்பா அண்ணாந்து பார்த்தார். திரையில் ராணி கட்டைவிரலை முத்தமிட்டாள். அப்பாவின் கை அப்படியே நின்றது.

நோரா என் கையை நசுக்கினாள். அடுத்த நொடி டிரம்மில் இடி விழுந்தது. திரையில் ஒரு மேகம் கூட இல்லை! அப்பா விடாமல் உருட்டிய உருட்டில் விசிலெல்லாம் அமுங்கிப்போக, ஏதோ புயல் வரப்போகிறதென்று சனம் வாயைப் பிளந்தது. அதற்குள் ராணி காட்டுக்குப் போய்விட்டாள்.

ஆட்டம் முடிந்து வெளியே வந்தவர் எங்களைப் பார்த்தும் நிற்கவில்லை. பின்னாலேயே ஓடினோம்.

"அடுத்த படத்துக்கும் கூப்புடறாங்கப்பா. நீங்க வேணாம்னா போகல" என்றாள் நோரா, அழுதுகொண்டே.

வீடு வந்தது. அப்பா முகம் கழுவினார், சாப்பிட உட்கார்ந்தார், முதல் கவளத்தைப் பிசைந்தார்.

"போனா, ரெண்டு கையையும் சேத்து வெச்சு ஒழுங்கா கும்பிடு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் என்னால இடி இடிக்க முடியாது."