கூரையிலிருந்து விழுந்தவன்

ஏணியின் அடியை இரண்டு கைகளாலும் பிடித்து, இடது காலை அணைகொடுத்து நின்றிருந்தாள் புவனா. ஒற்றை மூங்கில். கணுவுக்குக் கணு விட்டுவைத்திருந்த குச்சிகள்தான் படிகள். முப்பதடி உயரத்தில், சில்வர் ஓக் மரத்தைச் சுற்றிப் படர்ந்த மிளகுக் கொடிக்குள் சித்தன் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். அவன் எட்டிப் பறிக்கும்போதெல்லாம் மூங்கில் அவள் உள்ளங்கைக்குள் சுழலப் பார்த்தது.

எஸ்டேட்டில் ஆள்கணக்கு எழுதும் ரைட்டர் ஞானசுந்தரம் வண்டியைச் சரிவில் நிறுத்திவிட்டு மூச்சுவாங்க ஏறி வந்தார்.

"புவனா, கெளம்பு. மேனேஜர் உங்க ஊட்டுக்கு வந்துட்டிருக்காரு."

"எங்க ஊட்டுக்குங்களா? எதுக்குங்க?"

"நல்ல விசயந்தான். வா."

"ஏணிய ஆருங்க புடிக்கறது?"

ரைட்டர் ஏணியை மேலும் கீழும் பார்த்தார். "அது பாட்டுக்கு நிக்கும்."

"அது நிக்குமுங்க ரைட்டரய்யா," என்றான் சித்தன் மேலேயிருந்து. "நாந்தான் நிக்க மாட்டன்."

அவன் இறங்கித் தரையில் கால் வைக்கும்வரை புவனா கையை எடுக்கவில்லை. ரைட்டர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவளைத் தன் வண்டியின் பின்னால் உட்காரச் சொன்னார். பதினாறு வருஷ வேலையில் எஸ்டேட் வண்டியில் அவள் ஏறுவது இது இரண்டாம் தடவை. முதல் தடவை, புருஷன் குழந்தைவேலை ஜீப்பில் தூக்கிப்போட்டுக்கொண்டு அடிவாரம் இறங்கியபோது.

தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டு வாசலில் குழந்தைவேல் கால் நீட்டி உட்கார்ந்து, ஒரு ரிசார்ட் சமையல்கட்டிலிருந்து கொடுத்துவிட்ட பூண்டை உரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் ஊன்றி நடக்கும் வாக்கர். எதிரே மேனேஜர் சத்யராஜ். அவர் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலி ஜீப்பிலேயே கூட வந்திருந்தது. கூடவே சேலத்திலிருந்து வந்த ஜெப்சன் என்ற இளைஞன். அரசாங்க நிதிக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது அவன் தொழில். லேப்டாப்புக்கு சார்ஜ் போட வீட்டுக்குள் போகக் குனிந்தவன், போதிய அளவு குனியாமல், தகரக் கூரையின் விளிம்பில் நெற்றியை இடித்துக்கொண்டான்.

"பாத்துங்க தம்பி," என்றான் குழந்தைவேல். "ஆபத்தான கூரை. நானே இதுலருந்து வுழுந்தவன்."

ஜெப்சன் நெற்றியைத் தேய்த்தபடி, தன் மூக்குக்கு நேராக இருந்த கூரையைப் பார்த்தான். பிறகு மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் எதிர்மலையைப் பார்த்தார்.

சொந்த வீட்டுக் கூரையில் தார்ப்பாய் கட்டும்போது தவறி விழுந்தார் என்றுதான் ஆஸ்பத்திரிச் சீட்டு சொன்னது. டாக்டர் கேட்பதற்கு முன்பே ரைட்டர் அப்படிச் சொல்லிவிட்டிருந்தார். எஸ்டேட் புத்தகத்திலும் அவரே அப்படி எழுதினார். கை நீட்டினால் தொடுகிற கூரையிலிருந்து விழுந்து இடுப்பும் தொடையும் உடைந்த மனிதனைப் பற்றி யாரும் ஆச்சரியப்படவில்லை. வீட்டில் விழுந்தவனுக்கு எஸ்டேட் நஷ்டஈடு கொடுக்க வேண்டியதில்லை என்பதால் அந்தப் பேச்சும் எழவில்லை. அடுத்த வருஷம், விபத்தே நடக்காத எஸ்டேட் என்று ஒரு சங்கம் கேடயம் கொடுத்தது. அதை வாங்க மேனேஜர் கோட் போட்டுக்கொண்டு போனார்.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "குழந்தைவேல், உன்னோட தியாகம் வீண்போகாது."

"நான் மொளகுதானுங்க பறிச்சன்."

ஜெப்சன் விஷயத்துக்கு வந்தான். "தொழிலாளருக்குப் பாதுகாப்புப் பயிற்சி குடுக்க அரசாங்கத்துல நிதி தராங்கக்கா. மூணு நாள் பயிற்சி, பந்தல், சாப்பாடு, சான்றிதழ் எல்லாம் அதுல வந்துரும். கடைசி மூணு வருசத்துல வேலை எடத்துல விபத்து நடந்திருந்தா இருபது மார்க். இல்லைன்னா சைபர். இந்த எஸ்டேட்டுல ஒரு விபத்துகூட இல்லைன்னாங்க. மனசே ஒடஞ்சு போச்சு."

"ஏணி வாங்கக் குடுப்பாங்களா?" என்றாள் புவனா.

"ஏணிக்கு இல்லீங்க. ஏணியில எப்படி ஏறணும்னு சொல்லிக் குடுக்கறதுக்கு மட்டுந்தான்."

விண்ணப்பம் வாங்குவது அன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது. குழந்தைவேல் விழுந்து மூன்று வருஷம் ஆக இன்னும் பதினெட்டு நாள் பாக்கி. பயிற்சித் துவக்க விழாவுக்குப் பெரிய அதிகாரி ஒருவர் வருவதாக முதலாளியிடம் மேனேஜர் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. முதலாளி புதுச் சட்டைத் துணி எடுத்துவிட்டார்.

"ஆக, மரத்துலருந்துதான் விழுந்தேன்னு ஒரு வாக்குமூலம். ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்," என்றார் மேனேஜர்.

"கூரையிலருந்துன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க," என்றாள் புவனா.

"அது அன்னிக்கு இருந்த சூழ்நிலை. பழசையெல்லாம் கிளறக்கூடாது."

"கெளறத்தானுங்க நாற்காலியோட வந்திருக்கீங்க."

ரைட்டர் தலையைக் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

குழந்தைவேல் பூண்டுத் தோலை மடியிலிருந்து தட்டிவிட்டான். "எழுதட்டும் புவனா. ஆனா நாம சொல்றத சொன்னபடிக்கு எழுதோணும்."

வாக்குமூலம் எஸ்டேட் லெட்டர் பேடில் இருக்க வேண்டும், மேனேஜர் சீல் வைக்க வேண்டும் என்றான் ஜெப்சன். ரைட்டர் வண்டியில் போய் லெட்டர் பேடும் சீலும் கொண்டுவந்தார். முப்பது வருஷப் பழக்கம், எதை எழுதினாலும் அடியில் கார்பன் வைப்பார். இப்போதும் வைத்தார்.

"பதினோராம் பிளாக்," என்றான் குழந்தைவேல். "காத்தால பத்து மணி. ஏணியில மேலருந்து மூணாவது குச்சி இத்துப்போயிருந்துது. மொத நாளே ரைட்டருகிட்டச் சொன்னன். இந்த வருசம் இதுலயே ஓட்டுன்னாரு."

ரைட்டரின் பேனா நின்றது.

"எழுதுங்க," என்றாள் புவனா. "உங்களப் பத்தித்தான், மறந்திருக்காது."

"இவ்வளவு விவரம் தேவையில்லையே," என்றார் மேனேஜர்.

"விவரம் இருந்தா நல்லதுங்க சார். 'பயிற்சியின் தேவை'ன்னு ஒரு கட்டம் இருக்கு. ஆயிரம் எழுத்து போடலாம். நமக்கு இன்னும் நானூறுகூட ஆகல," என்றான் ஜெப்சன்.

"ஆஸ்பத்திரியில கூரைன்னு சொன்னது பொய்யின்னும் போடுங்க," என்றாள் புவனா.

மேனேஜர் எழுந்துவிட்டார். "அது எதுக்கு?"

"போட்டுத்தான் ஆகணுங்க சார்," என்றான் ஜெப்சன். "ஆஸ்பத்திரிச் சீட்டையும் கூட வெக்கணும். அதுல கூரை, இதுல மரம்னு இருந்தா தள்ளிருவாங்க."

மேனேஜர் காப்பிச் செடிகளின் பக்கம் நாலடி நடந்து போய்த் திரும்பி வந்தார். மணி மூன்றே கால். "இருபது மார்க்கா?"

"இருபதுங்க சார். அது இல்லைன்னா லிஸ்ட்டுலயே வர மாட்டோம்."

"நான் ஏணி புடிக்கப் போறனுங்க," என்று புவனா தலைத்துண்டை இறுக்கிக் கட்டினாள். "கூரையிலருந்து வுழுந்ததாவே இருந்துட்டுப் போகட்டும்."

"உக்காரும்மா," என்றார் மேனேஜர். அந்த 'ம்மா'வும் புதிதாக இருந்தது.

ரைட்டர் எழுதி முடித்தார். குழந்தைவேல் அதை வாங்கி, ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். மேனேஜர் தன் கையெழுத்தை அழுத்திப் போட்டார், கார்பனையும் தாண்டிக் கீழே இறங்கும்படி. சீல் வைத்தார்.

"அடித்தாளு எங்களுக்குங்க," என்றாள் புவனா.

"உங்களுக்கு எதுக்கு?"

"சார், அதுவும் இருக்குது," என்றான் ஜெப்சன் திரையைப் பார்த்தபடி. "தொழிலாளிக்கு ஒரு நகல் குடுத்தாச்சான்னு கேட்டு, போட்டோ கேக்கறாங்க. ரெண்டு பேரும் தாளைப் புடிங்க. சிரிங்க சார்."

"சீலு இதுல வுழலீங்களே," என்றாள் புவனா.

அதிலும் சீல் வைக்கப்பட்டது. மேனேஜர் தாளின் ஒரு முனையைப் பிடித்து, கேடயம் வாங்கியபோது சிரித்த அதே அளவு சிரித்தார். ஜெப்சன் வெளிச்சம் போதவில்லையென்று இன்னொரு படமும் எடுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை எஸ்டேட் கேட்டுக்கு எதிரே, கரடியூரிலிருந்து சேலம் போகும் பஸ்ஸுக்காக இருவரும் நின்றார்கள். தாள் பாலித்தீன் உறைக்குள், உறை குழந்தைவேலின் சட்டைக்குள். சேலத்தில் தொழிலாளர் அலுவலகத்துக்கு எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று புவனா விசாரித்து வைத்திருந்தாள். பஸ் வந்து நிற்கவும் ரைட்டரின் வண்டி வரவும் சரியாக இருந்தது.

"அந்தத் தாளக் குடு குழந்தைவேலு. அதுல ஒரு சின்னப் பிழை இருக்காம். திருத்திக் குடுத்தர்றேன்."

"என்ன பிழைங்க?"

ரைட்டர் யோசித்தார். "வக்கீலு சொல்றாரு."

"நாலு தடவ படிச்சுப் பாத்துட்டனுங்க. ஒரு பிழையும் இல்ல. நொம்ப நல்லா எழுதியிருக்கீங்க," என்றாள் புவனா.

"சொல்லாமக் கொள்ளாம லீவு போட்டா பேர எடுத்துருவாங்க, தெரியுமில்ல?"

"எடுங்க. பயிற்சிக்குக் குடுத்த லிஸ்ட்டுலயும் எம் பேரு இருக்குதாம். அதையும் மறக்காம எடுத்துருங்க."

கண்டக்டர் கைகொடுக்க இறங்கி வந்தார். குழந்தைவேல் வேண்டாமென்று தலையசைத்தான். வாக்கரை அவளிடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு முதுகு காட்டிக் கீழ்ப்படியில் உட்கார்ந்தான். மடங்காத வலது கால் ரோட்டின் மேல் நேராக நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கைகளையும் பின்னால் ஊன்றி, உடம்பை அடுத்த படிக்குத் தூக்கினான். கழுத்து நரம்பு புடைத்தது. பின்னால் வந்து நின்ற கார்கள் ஒவ்வொன்றாக ஹாரன் அடித்தன. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு இன்ஜினை அணைத்தார்.

மூச்சு திரும்பும்வரை குழந்தைவேல் அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தான். பிறகு, கீழே நின்ற ரைட்டரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, கைகளை மூன்றாவது படிக்கு நகர்த்தினான்.