விதவைச் சிலுவை

...கையை எடு என்று அவன் இரண்டாம் முறை சொன்னபோதும் கெர்லிண்டே எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டாள், எக்கார்ட் அந்தக் குட்டிக் கத்தரிக்கோலைக் கீழே வைக்கிறவரைக்கும் அவள் உள்ளங்கை, அவள் கொண்டுவந்த இந்தப் பதக்கப் பட்டையின் மேல்தான் இருக்கும், காப்பி ஆறினால் ஆறட்டும், பிளம்ஸ் கேக்கை ஈ மொய்த்தால் மொய்க்கட்டும், கொஸ்லார் ஊரின் இந்த விடுதிப் பின்னறையில் சனிக்கிழமைதோறும் கூடுகிற பதக்கப் பைத்தியங்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும்... மூன்று பதக்கங்களும் உள்ளங்கையில் குத்தின. முதலாவது, ஆயிரத்து எண்ணூற்று எழுபதில் பிரான்ஸோடு நடந்த போருக்காக, பிடிபட்ட பீரங்கியை உருக்கி வார்த்த வெண்கல வட்டம். இரண்டாவது, மஞ்சள் நாடாவில் தொங்கும் பழைய சக்கரவர்த்தி கைசரின் தலை. மூன்றாவதில்தான் வில்லங்கம், கறுப்பு வார்னிஷ் பூசிய சின்னச் சிலுவை, முதல் உலகப் போரில் பிள்ளையையோ புருஷனையோ பறிகொடுத்தவர்களுக்குப் போர் முடிந்து பதினாறு வருஷம் கழித்து அரசாங்கம் நினைவு வந்து கொடுத்தது. நினைவு வந்து... என்ன தாராளம். சேர்ப்பவர்கள் அதற்கு வைத்திருக்கிற பெயர் விதவைச் சிலுவை. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் எக்கார்ட் ஆடுகிறான், கிழட்டுச் சிப்பாயின் நெஞ்சில் விதவைச் சிலுவை எப்படி வரும், எவனோ ஒரு வியாபாரி மூன்றாக்கிக் காட்டுவதற்காக ஒட்டுப்போட்டிருக்கிறான், நகரமண்டபக் கண்காட்சியில் இப்படியே வைத்தால் வெளியூர்க்காரன் சிரிப்பான், இதை வெட்டிவிட்டு அந்த இடத்தில் ஒரு நீண்டகாலச் சேவைப் பதக்கத்தைத் தைத்துவிடலாம், தன் தகர டப்பாவில் ஒன்று இருக்கிறது, சும்மாவே தருகிறேன் என்று. பரோபகாரி. இந்த நூலை ஒருமுறை அறுத்துவிட்டால் பிறகு எந்தச் சாமி வந்தாலும் இதை அசல் என்று சொல்ல முடியாது, அது அவனுக்கும் தெரியும், தெரிந்துகொண்டேதான் கத்தரியைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறான்.

பின்பக்கத்தைப் பார் என்று சொல்லிவிட்டாளே, காதில் விழவில்லையா... கறுப்புக் கம்பளித்துணி ஒரே துண்டு, மூன்றையும் பிடித்திருப்பது ஒரே பழுப்பு நூல், ஒரே கை போட்ட தையல், அந்தக் கை கடைசித் தையலில் மட்டும் கொஞ்சம் அவசரப்பட்டிருக்கிறது. சிலுவை இரும்பு, வார்னிஷ் உரிந்த இடத்தில் துருப்பிடித்து, அந்தத் துரு துணியில் சிலுவை வடிவமாகவே இறங்கியிருக்கிறது, அதற்கு அரை ஆயுசாவது வேண்டும், எந்த வியாபாரி அத்தனை வருஷம் காத்திருப்பான்? பூதக்கண்ணாடியில் இதையெல்லாம் எக்கார்டும் பார்த்தான், பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். கண்ணுக்கு முன்னால் துணி சாட்சி சொல்கிறது, இவர்களுக்குப் பெயர்தான் பெரிது. விதவை என்று பெயர் வைத்துவிட்டால் அது பொம்பளைச் சமாசாரம், அழுவது பொம்பளை வேலை, ஆண்பிள்ளை நெஞ்சில் வீரம் மட்டும்தான் தொங்கலாம். தாய்க்கும் தகப்பனுக்கும்கூடத்தான் இதைக் கொடுத்தார்கள் என்று இவர்கள் படிக்காமலா இருப்பார்கள்? படித்திருப்பார்கள். மறந்திருப்பார்கள். மறப்பது எவ்வளவு சௌகரியம்... அவள் மகன் மால்ட்டெவின் பெயரை இந்த அறையில் ஒருத்தரும் எடுப்பதில்லை, பதினாலு வருஷமாக, அவள் உள்ளே வந்தால் ஆப்கானிஸ்தான் என்ற சொல்லே இவர்கள் அகராதியிலிருந்து காணாமல் போய்விடும், நல்லவர்கள்தான், ஆனால் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வது அவளுக்குத் தெரியாதா, சொந்தப் பிள்ளையின் பதக்கத்தை வாசலோடு திருப்பியனுப்பியவள் ஊரான் பதக்கத்தைத் தேடி அலைகிறாள் என்று. ஆமாம், அனுப்பினாள். ராணுவத்திலிருந்து ஒரு மேஜர் வெள்ளைக் கையுறையும் நீலப் பெட்டியுமாய் வந்து நின்றார், மழை, உள்ளே வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை, என் மகனை வாங்கிக்கொண்டு இதைத் தருகிறீர்களா என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள். அவர் சின்ன வயசு, கன்னத்தில் சவரக் காயம் இருந்தது, அது ஏன் இன்னும் ஞாபகம் இருக்கிறது... சாத்தியது சரிதான். இன்றைக்கு வந்தாலும் சாத்துவாள். அவள் வாழ்க்கையில் வளையாமல் செய்த காரியம் அது ஒன்றுதான், அதை வைத்துத்தான் இத்தனை வருஷம் நிமிர்ந்து நடக்கிறாள். இந்தப் பட்டையை முதலில் பார்த்தபோது, இந்தப் பேர் தெரியாத கிழவரும் தன் கட்சி என்றுதான் தோன்றியது. தன் வீரத்துக்குப் பக்கத்திலேயே, இதோ இதற்கு என்ன கூலி கிடைத்தது பாருங்கள் என்று கறுப்பைத் தொங்கவிட்டு, எல்லார் முகத்திலும் அறைந்திருக்கிறார், அப்படித்தான், வேறெப்படி?

விதவைக்கு மட்டும் இல்லை, தகப்பனுக்கும் உண்டு என்று சொன்னாள். அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது, பக்கத்து மேஜையில் நாணயம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். எழுபதில் இருபது வயசுப் பையன், பிறகு கல்யாணம், பிள்ளை, அந்தப் பிள்ளை வெர்தூன் போர்க்களத்திலோ எங்கேயோ போய்ச் சேர்ந்தான், கிழவர் எண்பத்தைந்து வயசுவரைக்கும் சாகாமல் கிடந்தார், கணக்கு உதைக்கிறதா எக்கார்ட், எங்கே உதைக்கிறது சொல்லு. அவன் கத்தரியை இன்னொருமுறை திறந்து மூடினான். பக்கத்திலிருந்த வில்ஃபிரீட்தான், எப்போதும் கேலி பேசித் தப்பிக்கிறவன், கேக்கை மென்றுகொண்டே சொன்னான்.

"சரி கெர்லிண்டே, உன் கணக்கு சரின்னே வெச்சுக்குவோம். ஆனா இது வீடு தேடி வர்ற பதக்கம் இல்லையே. மனு போட்டாத்தான் குடுப்பாங்க. எண்பத்தஞ்சு வயசுக் கிழவன் கம்ப ஊனிக்கிட்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயி, என் மவன் செத்துட்டான், எனக்கொரு சிலுவை குடுங்கன்னு கேட்டு நின்னானாக்கும்?"

"போனார்" என்றாள் கெர்லிண்டே. "போயி நின்னார். கேட்டார். கத்திரிய வை எக்கார்ட்."

எக்கார்ட் வைத்தான். தோற்றவன் முகம் இல்லை, மழை வரும்போல என்று சொல்கிறவனின் முகம்தான், கண்காட்சியில் வைக்கிற பெயர் அட்டையை இழுத்து, பேனாவைத் திறந்து, யாருடையதுன்னு எழுதட்டும் என்று சாதுவாகக் கேட்டான். ஒரு தகப்பன்னு எழுது என்றாள். ஜெயித்துவிட்டாள், நூல் பிழைத்தது, கையை எடுத்தால் உள்ளங்கையில் சிலுவையின் நான்கு முனையும் சிவப்பாகப் பதிந்திருந்தது, தேய்த்துவிட்டுக்கொண்டாள், சந்தோஷமாக இருக்க வேண்டும், இருக்கிறதா... போனார் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். போயிருக்கிறார். அதுவும் எந்த ஆட்சியில், எந்த மாதிரி ஆட்கள் கையில் ஸ்வஸ்திகப் பட்டையோடு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த காலத்தில், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளையின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லி, கேட்டு வாங்கியிருக்கிறார். யார் முகத்திலும் அறையவில்லை. அப்படியானால் அவள் கட்சி இல்லை அவர், ஒருநாளும் இல்லை. ஒருவேளை அந்தப் பெயரை வேறொருவன் கையெழுத்தில் ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்று போனாரோ, தன் பதக்கத்துக்குப் பக்கத்தில் அவனுக்கும் ஓர் இடம் தைத்துக் கொடுக்க வேண்டும் என்று போனாரோ, அவ்வளவுதானோ... அதற்கு வளைந்தது என்றா பெயர்? கெஞ்சினார் என்று வில்ஃபிரீட் சொன்னால் இப்போதும் அவன் கன்னத்தில் ஒன்று வைப்பாள். கேக்கை எடுத்தாள், தின்னவில்லை, திரும்ப வைத்தாள். அந்த நீலப் பெட்டியை மேஜர் பிறகு என்ன செய்திருப்பார், ஏதாவது அலமாரியில் மால்ட்டெ ஒப்பர்மான் என்று சீட்டு ஒட்டி வைத்திருப்பார்களா, எடுத்து வேறு யாருக்காவது கொடுத்திருப்பார்களா, அதை இப்போது எந்த அலுவலகத்தில், யாரிடம் போய்க் கேட்பது... அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறோம் என்பது உறைத்தபோது அவளுக்குப் பொல்லாத கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.